டிரக் கூரைப் பனி: பொறுப்பு ஓட்டுநருக்கு, கருவி யாரிடம்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வழக்கமாக ஓடும் பெட்டி டிரெய்லரின் நீளம் 53 அடி, அகலம் எட்டரை அடி. கூரை தரையிலிருந்து 13 அடி 6 அங்குலத்தில், அதாவது சுமார் 4.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுநர் எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அது தெரியாது. கூரையின் பரப்பு கிட்டத்தட்ட 42 சதுர மீட்டர். அதன்மேல் ஓர் அங்குலத் தடிமனுக்குப் பனிக்கட்டி படிந்தாலே எடை ஒரு டன்னை நெருங்கிவிடும். ஈரம் கோத்த பனி 15 சென்டிமீட்டர் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும்.

இந்தப் பாரத்தோடு சாலைக்கு வருவதை நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள் வெவ்வேறு அளவில் குற்றமாக்கியிருக்கின்றன. நான்கு மாநிலச் சட்டங்களும் முதலில் கைநீட்டுவது ஓட்டுநரை நோக்கித்தான். கூரையைச் சுத்தம் செய்யத் தேவையான மேடையோ இயந்திரமோ அவரிடம் கிடையாது. கிடங்கு வைத்திருப்பவரிடமோ டிரெய்லரின் உரிமையாளரிடமோதான் இருக்க முடியும், பல நேரம் அவர்களிடமும் இல்லை. இந்தச் சட்டங்கள் எங்கே வேலை செய்கின்றன, எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பது பெரும்பாலும் இந்த ஒரு முரணைப் பொறுத்தது.

பனி பாளமாவது எப்படி

புதிதாகப் பெய்த உலர்பனியால் பெரிய அடி விழாது. வண்டி வேகமெடுத்ததும் அது தூளாகப் பறந்து, பின்னால் வருபவரின் பார்வையைச் சில நொடிகள் மறைக்கும். அதுவும் ஆபத்துதான், ஆனால் கண்ணாடியை உடைக்காது. உயிரைப் பறிப்பது பாளமாக இறுகிய பனிக்கட்டி.

பெட்டி டிரெய்லரின் கூரை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள அலுமினியத் தகடு. குளிரூட்டிய பெட்டி வண்டிகளைத் தவிர மற்றவற்றில் அதன் அடியில் வெப்பத்தடுப்பு எதுவும் இருக்காது. பகல் வெயிலோ, சரக்கிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வரும் சூடோ பட்டவுடன் பனியின் அடிப்பகுதி உருகி நீராகும். இரவில் அதே நீர் உறைந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் விழுந்த இடத்திலேயே உறையும் மழை பெய்தால் மேலே இன்னொரு அடுக்கு. இரண்டு மூன்று முறை இப்படி உருகி உறைந்தால் கூரை முழுவதும் ஒரே பாளம். வெள்ளிக்கிழமை பனி, சனி ஞாயிறு வெயில், திங்கள் காலை புறப்பாடு என்று அமையும் வாரங்கள்தாம் மிக மோசமானவை. இரண்டு நாள் யாரும் தொடாமல் நின்ற டிரெய்லரில் பாளம் முழு வளர்ச்சி அடைந்திருக்கும்.

பிடி விடுவதும் இதே தகட்டால்தான். வெயில் ஏறியதும் தகடு சூடாகி, பாளத்துக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. சாலைக் குலுக்கலில் தகடு நெளிய, பாளம் விரிசல் விடுகிறது. மிச்ச வேலையைக் காற்று முடிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டியின் எடையோ சதுர மீட்டருக்கு ஒன்பது கிலோதான். விளிம்பில் காற்று புகுந்துவிட்டால், அந்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும், பாளம் எழும்பிவிடும். டிரெய்லரின் முன்விளிம்பில் காற்று கூரையை விட்டு விலகி உறிஞ்சல் உண்டாவதால், முதலில் கிளம்புவது பெரும்பாலும் அந்தப் பகுதி.

4.1 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் பொருள் தரையைத் தொட 0.9 நொடி ஆகும். அதற்குள் பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 25 மீட்டரைக் கடந்திருக்கும். பாளம் நேராக விழுவதும் இல்லை. தட்டையாக இருப்பதால் மிதந்து, சுழன்று, பக்கத்துத் தடத்துக்கும் போகும். பிரேக்கில் கால் வைக்கவே பெரும்பாலானவர்களுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும் என்பதால், பார்த்துத் தப்பிப்பது என்பது பெரிதும் அதிர்ஷ்டம்.

விழுந்த பின் தண்டனையா, விழும் முன் கடமையா

இந்தச் சட்டங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும். முதல் வகை, பனி விழுந்து யாராவது சாகும்போதோ காயப்படும்போதோ விழித்துக்கொள்வது. பென்சில்வேனியாவின் பழைய சட்டம் அப்படிப்பட்டது: மரணமோ கடுமையான காயமோ ஏற்பட்டால்தான் 200 முதல் 1,000 டாலர் அபராதம். கூரையில் ஒரு டன் பனியோடு ஒருவர் போவதைப் போலீஸ் பார்த்தாலும், அந்தப் பிரிவின்படி அதுவரை குற்றம் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது வகை, விழும் முன்பே கடமையை வைப்பது. நியூ ஜெர்சியில் 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் மூடி, டிக்கி, கண்ணாடிகள், கூரை, டிரக்கின் ஓட்டுநர் அறை, டிரெய்லரின் மேற்பகுதி, சரக்குக் கொள்கலன் என்று இடங்களைப் பெயர் சொல்லி, அங்கே சேர்ந்த பனியையும் பனிக்கட்டியையும் அகற்ற நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. எதுவும் விழாவிட்டாலும் 25 முதல் 75 டாலர் அபராதம் உண்டு. விழுந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் தனியார் வாகனத்துக்கு 200 முதல் 1,000 டாலர், வணிக வாகனத்துக்கு 500 முதல் 1,500 டாலர். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெய்து சேரும் பனிக்கு விலக்கு இருக்கிறது.

கனெக்டிகட் அதே ஆண்டு சட்டம் இயற்றி, கார்களுக்கு 2011 தொடக்கத்திலிருந்தும் வணிக வாகனங்களுக்கு 2013 டிசம்பர் 31 முதலும் அமல்படுத்தியது. டிரக்குகளுக்குக் கிடைத்த அந்த மூன்றாண்டு அவகாசம், கருவிகளை நிறுவ நேரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதற்குச் சமம். மற்ற மாநிலங்கள் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் வேறு பாதையில் போனது. 1996-ல் ஒரு டிரக்கிலிருந்து பறந்த பனிக்கட்டிப் பாளம் இன்னொரு டிரக்கைத் தாக்கியதில் நடந்த விபத்தில், காரில் வந்த 20 வயதுப் பெண் இறந்தார். அவர் பெயரால் வழங்கும் ஜெசிக்கா சட்டம் 2002-ல் நடைமுறைக்கு வந்தது. கவனக்குறைவாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் பொதுப் பிரிவு அது; கூரைப் பனியும் அதற்குள் அடங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை 250 முதல் 500 டாலர், மறுமுறை 1,000 டாலர் வரை. பென்சில்வேனியாவிலும் தூண்டுதல் ஒரு மரணம்தான்: 2005 கிறிஸ்துமஸ் அன்று ஒரு டிரக்கிலிருந்து பறந்த பனிக்கட்டி காரின் முன்கண்ணாடியைத் துளைத்து ஒரு பெண்ணைக் கொன்றது. கிறிஸ்டீன் சட்டம் என்ற பெயரில் மாநில செனட்டர் லிசா போஸ்கோலா பல ஆண்டுகள் விடாமல் கொண்டுவந்த மசோதாவின் சாரம், 2022 ஜூலையில் ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட 90-ஆம் எண் சட்டத்தில் இடம்பெற்று, அந்தச் செப்டம்பரில் அமலுக்கு வந்தது. மரணத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 16 ஆண்டுகளுக்கு மேல்.

அதன்படி பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் அகற்ற நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 50 டாலர். விழுந்து மரணமோ கடுங்காயமோ ஏற்பட்டால் 1,500 டாலர் வரை. ஆபத்தான அளவில் பனி சேர்ந்திருப்பதாகத் தோன்றினால் போலீஸ் வண்டியை நிறுத்தலாம். இந்த 24 மணி நேரம் பனியின் இயல்போடு ஒத்துப்போகவில்லை. பனி நின்ற முதல் சில மணி நேரத்தில் துடைப்பத்தால் தள்ளிவிட முடிகிற ஒன்று, ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தால் சுரண்டினாலும் வராத பாளமாகிறது. கிடங்குகளின் வேலைமுறைக்கு ஏற்ற கெடு அது. கூரைக்கு ஏற்றதாகத் தெரியவில்லை.

மத்திய அரசின் போக்குவரத்து விதிகளில் கூரைப் பனிக்கென்று தனிப் பிரிவு இல்லை. பனியிலும் வழுக்கலிலும் மிகுந்த கவனத்தோடு ஓட்டு, நிலைமை மோசமானால் நிறுத்து என்று சொல்லும் விதி உண்டு. கூரையைப் பற்றி அது பேசுவதில்லை. தனிச் சட்டம் இல்லாத மாநிலங்களில், கட்டப்படாத சுமை, கவனக்குறைவான ஓட்டம், பார்வை மறைப்பு போன்ற பொதுப் பிரிவுகளைத்தான் போலீஸ் எடுத்துக்கொள்கிறது.

மேலே ஏறக்கூடாது

சட்டம் சொல்லும் கடமையை ஓட்டுநர் ஒரு ஏணியை வைத்துக்கொண்டு நிறைவேற்றப் புறப்பட்டால் என்ன ஆகும்? கூரைத் தகடு மனிதர் நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கூரையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே கால் வைத்தால் தகடு குழியும்; வெளிச்சத்துக்காக ஒளிபுகும் கண்ணாடியிழைத் தகடு போட்ட கூரை என்றால் உடைந்து கால் உள்ளே போகும். மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, காலடியில் வழுக்கல், கீழே நான்கு மீட்டரில் உறைந்த தரை.

வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பான ஓஷா, நான்கு அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வேலை செய்தால் விழாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று பொதுவாகக் கேட்கிறது. வாகனங்களின் மேற்பகுதி விஷயத்தில் 1996-ல் அது வெளியிட்ட குறிப்பின்படி, கட்டடத்துக்கு உள்ளேயோ ஒட்டியோ நிற்கும் வண்டியாக இருந்து, பாதுகாப்பு ஏற்பாடு சாத்தியமாகவும் இருந்தால்தான் நடவடிக்கை. திறந்த வெளியில் நிற்கும் டிரெய்லர்மேல் ஏறுவது ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அதைத் தடுக்கும் விதி அங்கே தளர்கிறது. பென்சில்வேனியா சட்டம் இதை உணர்ந்து, பணியிடப் பாதுகாப்பு விதியை மீறச் செய்யும் என்றாலோ ஓட்டுநரின் உயிருக்கு ஆபத்து என்றாலோ விலக்குத் தருகிறது. பனியை அகற்றும் இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கும் விலக்கு உண்டு. இரண்டும் நியாயமானவை. ஆனால் அருகில் கருவியே இல்லாத ஓட்டுநருக்கு முதல் விலக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும் என்பதால், சட்டம் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறது.

ஏறாமல் செய்யும் வழிகள்

கிடங்கு வளாகங்களில் அதிகம் பயன்படுவது வாயில்போல் நிற்கும் சுரண்டி. இரண்டு தூண்கள், நடுவே சங்கிலியிலோ மோட்டாரிலோ ஏறி இறங்கும் வி வடிவ பிளேடு. பிளேட்டின் விளிம்பில் ரப்பரோ நைலானோ பொருத்தியிருக்கும். ஓட்டுநர் நடை வேகத்தில் வண்டியை அடியில் செலுத்த, பிளேடு தன் எடையால் கூரைமேல் அமர்ந்து பனியை இரு பக்கமும் தள்ளிவிடும். சில நிமிடங்களில் வேலை முடியும்.

இது தளர்ந்த பனியை நன்றாக எடுக்கும். தகட்டோடு ஒட்டிய பனிக்கட்டியை எடுக்காது. இதை மறந்துவிட்டுப் பாளத்தின்மேல் பிளேட்டை அழுத்தினால் கூரை ஆணிகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் பிய்ந்து, பிறகு மழைநீர் சரக்கில் இறங்கும். கடுங்குளிரில் கண்ணாடியிழைக் கூரை விறைத்திருப்பதால் அதன்மேல் பிளேடு பட்டால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். அவ்வகை டிரெய்லர்களைத் தனியாக ஒதுக்கி, துடைப்ப முனை உள்ள கருவியைப் பயன்படுத்துவது நல்லது. பிளேட்டைச் சற்று உயரமாகவே நிறுத்திவிட்டால் அடியில் மெல்லிய படலம் தங்கும். மறுநாள் பாளமாவது அதுதான்.

வாயிலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 21 முதல் 23 மீட்டர் நீளம். அதனால் வாயிலுக்கு முன்னும் பின்னும் அந்த அளவு நேர்த்தடம் வேண்டும். வளைந்து நுழையும் டிரெய்லரில் பிளேடு ஒரு மூலையை விட்டுவிடும். வெளியேறும் பக்கத்தில் இருந்தால்தான் புறப்படும் ஒவ்வொரு வண்டியும் அதைக் கடந்தே போக வேண்டியிருக்கும். அகற்றிய பனிக்கும் இடம் தேவை: ஒரு டிரெய்லரில் 15 சென்டிமீட்டர் பனி என்றால் ஆறு கன மீட்டருக்கு மேல், 50 டிரெய்லருக்கு 300 கன மீட்டருக்கு மேல். பக்கத்தில் ஒரு லோடர் நின்று வாரிக்கொண்டே இருக்காவிட்டால், காலை பத்து மணிக்குள் வாயில் அடைபட்டுவிடும்.

சிறிய நிறுவனங்களுக்குச் சாத்தியமானது, கைப்பிடிக் கம்பி உள்ள நகரும் மேடையும் நீளக் கம்பில் பொருத்திய நுரைமுனைத் துடுப்பும். ஒரு பக்கத்திலிருந்து பாதி அகலம்வரை, அதாவது 1.3 மீட்டர் எட்டினால் போதும். முன்னிருந்து பின்னாக மேடையை நகர்த்தி, அடுத்த பக்கமும் அப்படியே. இழுக்கும்போது பனி தன்மேலேயே விழாதபடி சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். உலோக மண்வெட்டி கூரைக்கு ஆகாது.

உறைந்துபோன பாளத்தைப் பொறுத்தவரை சூடுதான் உண்மையான வழி, அது மலிவல்ல. ஓர் அங்குலப் பாளத்தை முழுதாக உருக்க, இழப்பு எதையும் கணக்கில் சேர்க்காமலே, 90 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். முழுதாக உருக்கத் தேவையில்லை என்பது ஆறுதல். சூடான கொட்டகையில் நிறுத்தி, ஒட்டு விட்டதும் துண்டுகளாக இறக்கலாம். உப்புக் கரைசல் தெளிப்பது பனி விழும் முன் செய்தால் ஓரளவு உதவும். பாளத்தின்மேல் தெளித்தால் நீர்த்துப்போய் மறுபடி உறையும், வழிந்தது மின் இணைப்புகளையும் இரும்புச் சட்டங்களையும் அரிக்கும்.

ஐரோப்பாவில் பெருமளவு ஓடுவது தார்ப்பாய்க் கூரை டிரெய்லர்கள். அங்கே சிக்கல் வேறு மாதிரி. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே தார்ப்பாய் தொய்ந்து, மழைநீர் குளம்போல் தேங்கி இரவில் உறையும். நிறுத்தும்போதே காற்று சஸ்பென்ஷனைக் கொண்டு டிரெய்லரைச் சாய்வாக வைத்தால் நீர் வடிந்துவிடும். உள்ளே இடம் இருந்தால் துடைப்பக் கம்பால் கீழிருந்து தார்ப்பாயைத் தட்டி உடைக்கலாம். கூரையடியில் ஒரு நீளக் குழாயைப் பொருத்தி, வண்டி நிற்கும்போது அதைக் காற்றால் ஊதி நடுவை உயர்த்தும் அமைப்பும் விற்பனையில் இருக்கிறது. ஜெர்மனியில் சாலைப் போக்குவரத்து விதியின் 23-ஆம் பிரிவு வண்டியின் பாதுகாப்பான நிலைக்கு ஓட்டுநரையே பொறுப்பாக்குகிறது. கூடவே, நெடுஞ்சாலை ஓர ஓய்விடங்கள் சிலவற்றில் டிரக்கை ஒட்டி நிறுத்திக் கூரையைத் துடைக்கப் படிக்கட்டு மேடைகளும் இருக்கின்றன. கடமையையும் கருவியையும் ஒரே சாலையில் வைக்கும் இந்த வழிதான் அமெரிக்க மாநிலங்களில் குறைவு. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, 229-ஆம் விதியில், கண்ணாடிகளைச் சுத்தம் செய்வதைக் கட்டாயம் என்கிறது. மற்றவர் பாதையில் விழக்கூடிய பனியை அகற்றுவதை அறிவுரையாக மட்டும் சேர்த்திருக்கிறது.

நேரம் யார் கணக்கில்

அமெரிக்க ஓட்டுநர் ஒரு நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். பனி துடைக்கும் நேரம் வேலை நேரமாகவே பதிவாகி, அந்த 14-ஐத் தின்னும். மைல் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அந்த நேரத்துக்குத் தனிக் கூலி பெரும்பாலும் கிடையாது. 50 டாலர் அபராதத்துக்கான வாய்ப்பையும், இரண்டு மணி நேரத் தாமதத்தால் கைவிட்டுப்போகும் சரக்கையும் எடைபோட்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே சரக்கு ஏற்றி நிறுத்திய டிரெய்லரை வேறொருவர் வளாகத்திலிருந்து கோத்துக்கொண்டு போகும் முறையில், மூன்று நாள் சேர்ந்த பனியை ஓட்டுநர் புறப்படும் நிமிடத்தில்தான் சந்திக்கிறார். அந்த வளாகத்தில் கருவி வைக்க வேண்டிய கடமையைச் சட்டம் வளாகத்துக்காரர்மேல் சுமத்தினால் பலன் கூடும் என்பது என் கருத்து. அபராதத்தை ஏற்றுவதைவிட அது முக்கியம்.

கண்காணிப்பும் எளிதல்ல. வெண்பனி பறந்தால் போலீஸுக்குத் தெரியும். தெளிந்த பனிக்கட்டிப் பாளம் தரையிலிருந்து பார்த்தால் தெரியாது; மேம்பாலத்தில் நின்றால்தான் கூரை கண்ணில் படும்.

காரில் போகிறவர்களுக்கு

எடிசனிலோ பர்சிப்பனியிலோ வசிக்கும் தமிழர்கள் கவனிக்க: நியூ ஜெர்சி சட்டம் டிரக்குக்கு மட்டுமானதல்ல. முன்கண்ணாடியில் ஓர் ஓட்டை அளவு சுரண்டிவிட்டுக் கிளம்பினாலும் அபராதம் உண்டு. கார் கூரைப் பனியின் முதல் பலி அதே காரின் ஓட்டுநராக இருக்கலாம். உள்ளே ஹீட்டர் ஓடக் கூரை சூடாகி, முதல் பிரேக்கிலேயே பனி மொத்தமும் முன்கண்ணாடிமேல் சரியும். எஞ்சினைத் தொடங்கும் முன் புகைக்குழாய் வாயைத் திறந்துவிடுங்கள், அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். பிறகு கூரை, அதன்பின் கண்ணாடிகள், எஞ்சின் மூடி, விளக்குகள், எண்பலகை, கேமரா என்று மேலிருந்து கீழாக. கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

டிரக்குக்குப் பின்னால் போகும்போது, பனி நின்ற மறுநாள் வெயிலில்தான் அதிக இடைவெளி வேண்டும். பாளம் வருவதைக் கண்டு சட்டென்று தடம் மாற்றினால் பக்கத்து வண்டியோடு மோத நேரலாம். தடத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதுதான் மேல். அடிபட்டால் பறந்து வந்து தாக்கியதா, சாலையில் கிடந்ததன்மேல் ஏறியதா என்பதைப் படத்தோடு பதிவு செய்யுங்கள். பொதுவாக முதலாவது, மோதல் அல்லாத சேதங்களுக்கான விரிவான காப்பீட்டிலும் இரண்டாவது மோதல் காப்பீட்டிலும் சேரும், நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும் அதற்கேற்ப மாறும். டிரக்கை அடையாளம் காண டிரெய்லரின் பின்பக்க எண்பலகை மட்டும் போதாது. டிரெய்லர் ஒருவருடையது, இழுவை வண்டி வேறொருவருடையதாக இருக்கலாம். இழுவை வண்டியின் கதவில் நிறுவனப் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் யு.எஸ். டாட் எண்ணை, அதாவது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டால்தான் கோரிக்கை சரியான நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.